கண்ணுக்குத் தெரியாத கனல்

திருத்தணி வழியாகச் செல்லும் சென்னை – திருப்பதி நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை நோக்கி இரவும் பகலும் சரக்குந்துகள் விரைகின்றன. புற்றுநோய் மருத்துவத்திற்குப் பயன்படும் கோபால்ட்-60, உலோகப் பற்றவைப்புகளைச் சோதிக்க உதவும் இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருள்களும் நம் நாட்டில் சாலை வழியே கொண்டுசெல்லப்படுகின்றன. அத்தகைய ஊர்தி ஒன்று எங்கேனும் தீப்பற்றினால், உதவிக்கு முதலில் விரைபவர் அப்பகுதியின் தீயணைப்பு வீரரே ஆவார்.

தீயின் வெம்மையைத் தோல் உணரும். புகையை மூக்கு அறியும். கதிர்வீச்சை உணரும் புலனோ மனிதருக்கு இல்லை. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. தீயை அணைக்கச் சென்ற வீரர்களும் நிலையப் பணியாளர்களுமாக 28 பேர் கடும் கதிர்வீச்சு நோயால் சில மாதங்களுக்குள் இறந்தனர். 2010இல் தில்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்த ஆய்வுக்கருவி ஒன்று பிரிக்கப்பட்டது. அதனுள் இருந்த கோபால்ட்-60 ஓர் உயிரைப் பறித்தது. பலரை நோயுறச் செய்தது.

கதிரியக்கத் தீங்கு இருவகைப்படும். உடலுக்கு வெளியேயுள்ள பொருளிலிருந்து காமாக் கதிர்கள் உடலை ஊடுருவுதல் ஒன்று. கதிரியக்கத் துகள்கள் ஆடையிலும் தோலிலும் படிதல், மூச்சு வழியே உட்புகுதல் மற்றொன்று. காற்று உருளையுடன் கூடிய மூச்சுக்கருவி இரண்டாவது தீங்கைப் பெரிதும் தவிர்க்கும். ஆனால், தீயணைப்பு உடை காமாக் கதிர்களைத் தடுக்காது.

அக்கதிர்களிலிருந்து காப்பவை காலம், தொலைவு, தடுப்பு என்னும் மூன்றாகும். அருகில் நிற்கும் நேரம் பாதியானால் உடல் ஏற்கும் கதிர்வீச்சும் பாதியாகும். சிறிய கதிர்வீச்சு மூலத்திலிருந்து இருமடங்கு தொலைவு விலகினால், கதிர்களின் செறிவு நான்கில் ஒரு பங்காகக் குறையும். காரீயமும் கற்காரைச் சுவரும் கதிர்களின் வலிமையைக் குறைக்கும்.

மஞ்சள் நிறப் பின்னணியில் மூவிதழ்க் குறியைக் கண்டதும் வீரர் காற்று வீசும் திசைக்கு மேற்புறமாக நின்று செயல்பட வேண்டும். தீயோடு கதிரியக்கப் பொருளும் சேர்ந்திருப்பின், தொடக்கத்தில் 300 மீட்டர் ஆரமுள்ள பகுதிக்குள் பொதுமக்களை விடலாகாது என்பது பன்னாட்டு அணுசக்தி முகமையின் வழிகாட்டுதல். அவ்விடத்தில் உண்ணுதலும் பருகுதலும் கூடா. பணி முடிந்ததும் மேலாடையைக் களைந்து தனியே வைத்து, உடலைக் கழுவுதல் வேண்டும். மேலாடையை நீக்குவதாலேயே படிந்த துகள்களில் பெரும்பகுதி நீங்கிவிடும்.

இந்தியாவில் கதிரியக்கப் பணியாளர் ஒருவர் ஓராண்டில் ஏற்கத்தக்க உச்ச அளவு 30 மில்லிசீவெர்ட் ஆகும். உயிர்காக்கும் பணிக்கு மட்டும் 500 மில்லிசீவெர்ட் வரை பன்னாட்டு வழிகாட்டுதல் இடமளிக்கிறது. அதுவும் இடரை நன்கறிந்து, தாமே முன்வருவோர்க்கு மட்டுமே உரியது. எனவே, ஒவ்வொருவர் ஏற்கும் அளவையும் காட்டும் அளவைமானி, மூச்சுக்கருவிக்கு இணையான உயிர்க்கருவியாகும்.

அறியாமை வீரரைக் கொல்வது போலவே, அச்சம் விபத்தில் சிக்கியவரைக் கொல்லும். வெளியிலிருந்து கதிர்வீச்சுக்கு உள்ளானவர் பிறர்மீது கதிர்களை வீசுவதில்லை. துகள்கள் படிந்தவரையும் கையுறையும் மூச்சுக்காப்பும் அணிந்து தூக்கிச் செல்லலாம். காயமுற்றவரை மீட்டபின் மருத்துவத்திற்கு அனுப்புவதே முதற்கடமை. அளவீடும் தூய்மையாக்கலும் அதற்கு அடுத்தவையே. திருத்தணிக்கு அருகில் அரக்கோணத்தில் உள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் இத்தகைய பணிகளிலும் பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் வந்து சேரும்வரை உயிர்களைக் காப்பது, முதலில் வந்த வீரரின் துணிவும் அவர் கற்ற அறிவியலுமே ஆகும்.