ஒரே மனிதர், பல பதிவேடுகள்

மடுல்கெல்லத் தோட்டமொன்றில் வாழும் தொழிலாளி ஒருவர் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிவாளரிடமும், அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்திடமும், உறுதிப்படுத்தலுக்குக் கிராம உத்தியோகத்தரிடமும் செல்ல வேண்டியுள்ளது. ஒவ்வோர் அலைச்சலும் ஒரு நாள் சம்பளத்தை விழுங்குகிறது. அலுவலகக் கணினிகள் தமக்குள் தகவல் பரிமாறினால் இச்சுமை குறையும்.

அதற்கு வழிசெய்வதே ஏ.பி.ஐ. எனப்படும் மென்பொருள் இடைமுகம். எவ்வாறு கேட்டால் எந்த விடை கிடைக்கும் என்பது குறித்து இரு கணினிகளுக்கிடையிலான உடன்பாடு அது. பத்து நிறுவனங்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 45 இணைப்புகள் வேண்டும். நடுவே ஓர் ஒருங்கிணைப்புச் சேர்வர் இருந்தால் 10 போதும்.

அந்தச் சேர்வரை ஒரே பிண்டமாக அமைத்தல் ஆகாது. தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டுதல், அரைத்தல், உலர்த்துதல், தரம்பிரித்தல் என ஒவ்வொன்றும் தனித்து நிகழ்வதால், ஓர் இயந்திரத்தை மாற்றும்போது மற்றவற்றைப் பெயர்க்க வேண்டியதில்லை. மென்பொருள் அடுக்குகளின் தத்துவமும் இதுவே.

முதல் அடுக்கு வாயிற்காவல்: கேட்பவர் யார், அவருக்கு உரிமை உண்டா என்று பார்க்கிறது. இரண்டாவது அடுக்கு விதிகளை நடைமுறைப்படுத்துகிறது. மூன்றாவது, தரவின் வடிவத்தை மாற்றுகிறது. கடைசி அடுக்கு அந்தந்தத் திணைக்களத்தின் கணினியுடன் உரையாடுகிறது. ஒரு திணைக்களம் தன் மென்பொருளை மாற்றினால் கடைசி அடுக்கின் ஒரு பகுதியைத் திருத்தினால் போதுமானது.

நமது அடையாள அட்டையே இதற்கு நல்ல சான்று. பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் பன்னிரண்டு எண்கள் வழங்கப்படுகின்றன. பழைய இலக்கத்தின் முன்னே 19ஐயும், தொடரெண்ணுக்கு முன் பூச்சியத்தையும் சேர்த்து, எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். இக்கணக்கை மூன்றாம் அடுக்கில் ஒருமுறை எழுதினால் எல்லா அலுவலகங்களுக்கும் அது பயன்படும்.

பெயர்களோ இவ்வளவு எளிதானவையல்ல. முகம்மது, முஹம்மத், மொஹமட் என ஒருவரே மூன்று ஆவணங்களில் மூவராகிறார். இராமசாமியின் பெயர் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேறு வேறாகப் பதியப்படுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரம் இவர்களது விண்ணப்பத்தை நிராகரித்துவிடும். எனவே, பெயர் பொருந்தாவிடின் மறுக்காமல், மும்மொழியும் அறிந்த அலுவலரின் பார்வைக்கு அனுப்பும் விதி இரண்டாம் அடுக்கில் அமைதல் அவசியம்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கோரும் அடக்கமும் இங்கு பேணப்பட வேண்டும். வயதை மட்டும் கேட்ட அலுவலகத்துக்கு முகவரி செல்லலாகாது. யார், எப்போது, எதனைக் கேட்டார் என்ற பதிவும் இருத்தல் வேண்டும்.

எஸ்தோனியா 2001இலேயே எக்ஸ்-ரோட் மூலம் இத்தகைய பரிமாற்றத்தைத் தொடங்கியது. இலங்கையிலும் திறமைக்குக் குறைவில்லை. 2005இல் இங்கு உருவான டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு மென்பொருள் உலகின் பல நாடுகளில் இயங்குகிறது. அத்திறமை மலையகத்தின் கடைசி லயன் அறையில் உள்ளவரின் பெயரையும் பிழையின்றி அறியும்போதே முழுமை பெறும்.