கன்றுக் கழிச்சல்: மருந்து கொடுத்தும் குணமாகாதது ஏன்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டை போன்ற இடங்களில் வயல்கள் மனைகளாகிவிட்டன. ஆயினும் சென்னையின் மேற்குப் புறநகர்களில் ஒன்றிரண்டு கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்போர் இன்றும் உண்டு. இவர்களுக்குக் கிடேரிக் கன்று என்பது நாளைய பசு. பிறந்த சில நாட்களில் அது கழிந்து சாய்ந்துவிட்டால் நட்டம் பெரிது. மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கொடுத்தும் பயனில்லை என்பது பலருடைய குறை. இதற்குக் காரணங்கள் பல.

நோய்க் காரணம் அறிதல்

கழிச்சல் ஓர் அறிகுறியே. பிறந்த முதல் 4, 5 நாட்களில் பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவால் வருகிறது. அடுத்த இரண்டு வாரங்களில் ரோட்டா, கொரோனா வைரஸ்களும், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுயிரியும் காரணமாகலாம். சாணத்தில் இரத்தமும் சளியும் கலந்து காய்ச்சலும் கண்டால் சால்மோனெல்லாவாக இருக்கலாம். மூன்று வாரத்திற்கு மேற்பட்ட கன்றில் இரத்தக் கழிச்சல் கோக்சீடியாவாலும் வரும். குடற்புழுவும், அளவுக்கு மீறிய பாலும்கூடக் கழிச்சல் உண்டாக்கும். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். வைரசுக்கோ புழுவுக்கோ அதைக் கொடுப்பது வீண்.

முதலில் நீர்

கழியும் கன்று பெரும்பாலும் நீரும் உப்பும் இழந்தே இறக்கிறது. கண் குழிவிழுதல், கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமை ஆகியவை இதன் அடையாளங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கரைத்து, பால் ஊட்டும் வேளைகளுக்கு இடையே பலமுறை புகட்ட வேண்டும். பாலில் கலக்கலாகாது, பாலை அடியோடு நிறுத்தவும் கூடாது. எழ முடியாத, பால் குடிக்காத கன்றுக்கு நரம்பு வழியே நீர் ஏற்றினால்தான் பிழைக்கும்.

அளவும் நாட்களும்

கன்றின் எடையை அறிந்தே மருந்தளவு கணக்கிடப்படுகிறது. குறைத்துக் கொடுத்தாலும், கழிச்சல் நின்றதும் பாதியில் விட்டாலும் வலுவான கிருமிகள் தப்பிப் பெருகும். டெட்ராசைக்ளின் வகை மருந்தைப் பாலுடன் கொடுத்தால், பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதைப் பிடித்துக்கொள்வதால் உடலில் சேருவது குறையும். அசைபோடும் வயதுள்ள மாடு, ஆடுகளுக்கு வாய்வழி ஆன்டிபயாடிக் கொடுத்தால் தீனியைச் செரிக்க உதவும் நல்ல நுண்ணுயிர்களும் அழிந்து செரிமானம் கெடும்.

பழகிப்போன கிருமிகள்

ஒரே மருந்தை அடிக்கடி பயன்படுத்திய கொட்டிலில் கிருமிகள் அதற்கு அடங்குவதில்லை. அவை மனிதருக்கும் பரவும். மனிதருக்குக் கடைசிக் கட்டத்தில் கைகொடுக்கும் கொலிஸ்டின் மருந்தை, உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழிகளுக்கென உற்பத்தி செய்யவும் விற்கவும் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை விதித்தது இதனால்தான். மருந்து கேட்காதபோது, சாணத்தைச் சோதித்து எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சில நாட்களில் கண்டறியலாம். வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம்.

சீம்பாலே காவல்

கன்று ஈன்ற முதல் 2 மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டத் தொடங்க வேண்டும். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு 12 மணி நேரத்திற்குள் சுமார் 3 லிட்டர் தேவை. ஒரு நாள் கடந்தால் சீம்பாலின் எதிர்ப்புச் சத்தை இரத்தத்தில் ஏற்கும் திறனைக் குடல் இழந்துவிடும். சீம்பால் கிட்டாத கன்றுக்கு எவ்வளவு நல்ல மருந்தும் அரைப் பலனே தரும். ஈரமான தரை, கழுவாத வாளி, நோயுற்ற கன்றைப் பிரிக்காமை ஆகியவை குணமான கன்றையும் மீண்டும் வீழ்த்தும்.

கறவைப் பசுவுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால், மருத்துவர் குறிப்பிடும் நாட்கள் வரை அதன் பாலை விற்கவோ கன்றுக்கு ஊட்டவோ கூடாது. காலத்தில் கொடுத்த சீம்பாலும், உடனே புகட்டிய உப்புச் சர்க்கரை நீரும், சரியான அளவில் முழுமையாகக் கொடுத்த மருந்தும் சேர்ந்தால் கிடேரிக் கன்று தேறிப் பசுவாகும்.