கரன்ட் போனாலும் இடம் மறக்காத என்கோடர்... எப்படி?

செந்துறை வட்டாரம் என்றாலே சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட்டும்தான். சிமென்ட் ஆலைகளில் கல்லைக் குவிக்கும் 'ஸ்டாக்கர்' இயந்திரத்தின் நீண்ட கை பாதி சுற்றும்போது கரன்ட் கட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கரன்ட் வந்ததும், கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று கன்ட்ரோல் ரூமுக்கு எப்படித் தெரியும்?

'இன்க்ரிமென்டல்' என்கோடர், அடிகளை எண்ணி நடப்பவர் மாதிரி. எண்ணிக்கை விட்டுப்போச்சுன்னா, தொடக்கப் புள்ளிக்கே போய் மறுபடி ஆரம்பிக்கணும். பல டன் எடையுள்ள கையை இடம் தெரியாமல் நகர்த்தினால், கீழே நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

'அப்சல்யூட்' என்கோடர், மைல்கல் மாதிரி. தண்டோடு சுழலும் தட்டில் ஒவ்வொரு கோணத்துக்கும் தனிக் குறியீடு. 12 பிட் என்றால் ஒரு சுற்றில் 4,096 இடங்கள். எண்ணவே வேண்டாம், படித்தாலே போதும். கரன்ட் இல்லாத நேரத்தில் காற்று கையைத் தள்ளியிருந்தாலும் சரியான இடம் தெரிந்துவிடும்.

சாதாரண பைனரியில் 7-லிருந்து 8-க்குப் போனால் நான்கு பிட்களும் மாறும். நடுவில் படித்தால் தப்பாகும். அதனால் பல என்கோடர்களில், ஒவ்வொரு அடிக்கும் ஒரே பிட் மாறும் 'கிரே கோட்'. பெல் லேப்ஸின் ஃபிராங்க் கிரே 1953-ல் காப்புரிமை பெற்றது இது.

ஒரே சிக்கல்: தண்டையும் என்கோடரையும் இணைக்கும் கப்ளிங் நழுவினால், தப்பான இடத்தையும் அது உறுதியாகச் சொல்லும். லிமிட் ஸ்விட்ச் தனியாக இருப்பது அதற்காகத்தான்.