கண்ணாடிக் குளம் – 9: தங்கமீன் தொட்டியில் நத்தை

தங்கமீனுக்குப் பல் வாயில் இல்லை, தொண்டையில் இருக்கிறது. கெண்டை இனத்துக்கே உரிய அந்தப் பற்களால்தான் அது இரையை நசுக்கி விழுங்குகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் எதையாவது கவ்வும், சுவைக்கும், ஆகாததைத் துப்பும். வாய்க்குள் அடங்கும் குட்டி நத்தை கிடைத்தால் ஓட்டோடு நொறுக்கிவிடும். தங்கமீனோடு நத்தை வளர்க்க ஆசைப்படுகிறவர் அந்தத் தொண்டையை மனத்தில் வைத்துத்தான் நத்தையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும்’ என்று சொல்லித்தான் கடைகளில் நத்தையை விற்கிறார்கள். அது பாதி உண்மை. கண்ணாடியில் படியும் பாசியையும், மீன் விட்டுவைத்த தீனியையும் நத்தை மேயும். மேய்ந்ததைக் கழிவாக்கி அதே தண்ணீரில்தான் விடும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுவது வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் வேலை. நத்தையால் அது ஆகாது. தங்கமீனோ நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். வடிகட்டி இல்லாத சின்னக் குடுவையில் அதற்கே மூச்சுமுட்டும்போது நத்தையையும் விடுவது இரண்டுக்கும் கொடுமை.

கடைகளில் அதிகம் கண்ணில் படுவது மிஸ்டரி நத்தை. பொமேசியா டிஃப்யூசா என்பது அறிவியல் பெயர். பூர்வீகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. மஞ்சள், நீலம், தந்த நிறம் எனப் பல வண்ணங்களில் கிடைக்கும். செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. குழாய் போன்ற உறுப்பைத் தண்ணீருக்கு மேலே நீட்டி அது காற்றை இழுப்பதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவு அழகான பிராணிக்கு ஆபத்து அதன் நீண்ட உணர்கொம்புகளால் வருகிறது. தங்கமீன் கண்ணுக்கு அவை புழுக்கள். கடித்து இழுக்கும். அறுந்த கொம்பு மீண்டும் வளரும். இதன் நெருங்கிய உறவான தங்க ஆப்பிள் நத்தைக்கு, அகற்றப்பட்ட கண்ணே முழுதாகத் திரும்ப முளைப்பதை 2025இல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. ஆனால் வளர்வதற்கு மீன் விட்டுவைக்க வேண்டுமே! ஓயாமல் கொத்துப்படும் நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி, மேயாமல் கிடந்து செத்துப்போகும். பெரிய தங்கமீன்கள் இருக்கும் தொட்டியில் இதை விடாமல் இருப்பதே நல்லது.

நெரைட் நத்தை இந்த விஷயத்தில் கெட்டி. கொம்புகளை அதிகம் வெளியே நீட்டாது. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் மீனால் எளிதில் புரட்ட முடியாது. பாசி தின்பதிலும் இதுதான் முன்னணி. கண்ட இடத்தில் வெள்ளைப் புள்ளிகளாக முட்டையிட்டு வைக்கும் என்பது ஒன்றே குறை. நன்னீரில் அவற்றிலிருந்து குஞ்சுகள் வளராது என்பதால் தொட்டி நிரம்பிவிடும் பயம் இல்லை. தொட்டிக்கு மூடி மட்டும் கட்டாயம். இரவில் ஏறி வெளியே போய்விடும்.

தமிழ்நாட்டுக் குளங்களிலேயே காணப்படும் டிரம்பெட் நத்தை பகலில் மணலுக்குள் புதைந்திருந்து, இருட்டியதும் வெளியே வரும். அதனாலேயே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆண் இல்லாமலே குட்டி போடும். திடீரென்று எண்ணிக்கை கூடினால் தீனி அதிகமாக விழுகிறது என்று பொருள்.

தண்ணீரைப் பொறுத்தவரை தங்கமீனுக்கும் நத்தைக்கும் ஒத்துப்போகும். சுண்ணாம்புச் சத்துள்ள கடினநீர் ஓட்டுக்கு வலு. தங்கமீனும் அதில் நன்றாகவே வாழும். அமிலத்தன்மை உள்ள தண்ணீரில் ஓடு அரித்துக் குழி விழும். மருந்தில்தான் கவனம் தேவை. ஒட்டுண்ணிக்குக் கொடுக்கும் தாமிரம் கலந்த மருந்து மீனைக் காப்பாற்றும், நத்தையைக் கொன்றுவிடும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

மிஸ்டரி நத்தை நீர்மட்டத்துக்கு மேலே கொத்தாக முட்டையிடும். குஞ்சு பொரிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தேவையில்லாத கொத்தைச் சுரண்டி எடுத்து, ஃப்ரீசரில் உறையவைத்துக் குப்பையில் போட்டுவிடலாம். நத்தையை ஏரியிலோ வாய்க்காலிலோ விடவே கூடாது. 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுவரப்பட்ட தங்க ஆப்பிள் நத்தை, ஆசிய நெல்வயல்களில் இளநாற்றைத் தின்று தீர்த்தது. ஸ்பெயினின் எப்ரோ கழிமுக வயல்களிலும் ஆப்பிள் நத்தைகள் பரவியதையடுத்து, 2012இல் ஐரோப்பிய ஒன்றியம் பொமேசியா பேரினத்துக்கே தடை போட்டது. மிஸ்டரி நத்தை அந்த அளவுக்கு நாற்றைத் தின்பதில்லை. என்றாலும் இலங்கையின் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே குடியேறிவிட்டது. அங்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அலங்கார மீன் வணிகம்.

(தொடரும்)