வயிற்று வலியா? உங்களைப் பார்க்க 'மிஸ்டர்' வருவார்!

ஜெலாப்பாங்கில் வீடு. ராத்திரி தொப்புளைச் சுற்றி லேசான வலி. விடியும்போது அது வலது பக்க அடிவயிற்றுக்கு நகர்ந்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி வேறு. பாட்டி விளக்கெண்ணெய் போத்தலைத் தேடுகிறார். குடிக்காதீங்க! குடல்வால் வீங்கியிருந்தால், பேதி மருந்து அதை வெடிக்க வைத்துவிடலாம். நேரே ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

குடல்வால் சந்தேகம் என்றால் அங்கே பொது அறுவை சிகிச்சைப் பிரிவினரை அழைப்பார்கள். 'பொது' என்றதும் சாதாரண டாக்டர்னு நினைச்சிடாதீங்க. குடல்வால், பித்தப்பை, குடலிறக்கம், மார்பகக் கட்டி, தைராய்டு, குடல் புற்றுநோய், மோட்டார் சைக்கிள் விபத்தில் கிழிந்த மண்ணீரல் என்று இவர்கள் கைக்கு வருபவை ஏராளம்.

கத்தி பிடிப்பது பாதி வேலைதான். வெட்டலாமா, காத்திருக்கலாமா என்று முடிவெடுப்பதுதான் கஷ்டமான பாதி. சிறுநீரகக் கல்லும், பெண்களுக்குச் சினைப்பைக் கட்டியும் இதே இடத்தில் வலி தரும். அதனால்தான் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடியும் வந்து அழுத்துவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வலி எப்படி மாறுகிறது என்பதே அவர்களுக்கு முக்கியத் தடயம்.

இந்தக் கணிப்பு சும்மா வந்துவிடாது. எஸ்.பி.எம்., பிறகு பல்கலைக்கழக நுழைவுக்கான படிப்பு, 5 ஆண்டு மருத்துவப் பட்டம், 2 ஆண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. அதன்பின் மருத்துவ அதிகாரியாக வேலை. பிறகுதான் மலாயா பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.எஸ்.எம். போன்றவற்றில் 4 ஆண்டு முதுகலைப் பயிற்சி. நிபுணர் ஆகும்போது வயது முப்பதைத் தாண்டிவிடும்.

இவ்வளவும் படித்த பிறகு, பலரை 'டாக்டர்' என்றுகூட அழைப்பதில்லை, 'மிஸ்டர்'தான்! பிரிட்டிஷ் பழக்கம் இது. லண்டனில் 1745 வரை முடிதிருத்துபவர்களும் அறுவை செய்பவர்களும் ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். டாக்டர் பட்டம் படித்த மருத்துவர்கள் வேறு கூட்டம்.

சரி, அறுவை சிகிச்சை வேண்டும் என்று முடிவாகிவிட்டது. சம்மதப் படிவத்தோடு ஓர் இளம் மருத்துவர் வருவார். உங்களுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன் தயங்காமல் கேளுங்க: யார் அறுவை செய்வார்? நிபுணர் கூட இருப்பாரா? சின்னத் துளை போட்டுச் செய்வதா, வயிற்றைத் திறப்பதா? கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று அவர் கேட்டால், நடுராத்திரியில் குடித்த மைலோவையும் மறைக்காமல் சொல்லிடுங்க. மயக்க மருந்து கொடுப்பவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.