தம்பி ஏன் பொம்மையைத் தர மறுக்கிறான்?

இரண்டு வயதுத் தம்பி விளையாடிக்கொண்டிருக்கிறான். பக்கத்து வீட்டுச் சிறுமி அவனுடைய பொம்மை வண்டியைத் தொட்டதும் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்கிறான். "சுயநலக்காரன்!" என்று வீட்டார் கடிந்துகொள்கின்றனர். அவன் உண்மையிலேயே சுயநலக்காரன்தானா? உளவியல் அறிஞர்கள் என்ன கூறுகின்றனர் என்று காண்போம்.

அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் பெண்மணி மழலையர் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டைக் கூர்ந்து நோக்கி, 1932-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். மிகச் சிறிய குழந்தைகள் அருகருகே அமர்ந்தாலும் தனித்தனியாகவே விளையாடின. வயது ஏற ஏறக் கூடி விளையாடுவது மிகுந்தது. கூட்டுறவும் நடை, பேச்சு போலப் படிப்படியாக வருவதே என்பது இதிலிருந்து புலனாகிறது.

நட்புக்கு அடிப்படை எது? அடுத்தவர் மனம் வேறு, நம் மனம் வேறு என்று அறிவதே. 1997-இல் ரெபகோலி, கோப்னிக் ஆகிய இருவர் இதை அழகாகச் சோதித்தனர். குழந்தையின் முன்னே ஒரு கிண்ணத்தில் பிஸ்கட்டும், மற்றொன்றில் பிராக்கோலி என்னும் பச்சைக் காயும் வைக்கப்பட்டன. குழந்தைகளுக்குப் பிடித்தது பிஸ்கட்தான். ஆய்வாளரோ பிஸ்கட்டைத் தின்று முகம் சுளித்தார். காயைத் தின்று மகிழ்ந்தார். பிறகு, "எனக்குக் கொஞ்சம் தா" என்று கையை நீட்டினார். 14 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் பிஸ்கட்டையே கொடுத்தன. 18 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை காயைக் கொடுத்தன! சிறிய குழந்தைகளிடம் கொடுக்கும் மனம் இருந்தது. அடுத்தவர் விருப்பம் வேறு என்னும் அறிவுதான் இன்னும் வரவில்லை.

உதவும் இயல்பும் சீக்கிரமே தோன்றிவிடுகிறது. ஜெர்மனியில் வார்னெகன், தோமசெல்லோ ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர் துணி கிளிப்பைத் தவறவிட்டு எடுக்க முடியாமல் தவித்தபோது, 18 மாதக் குழந்தைகள் தாமாகவே எடுத்துக் கொடுத்தன. ஆனால் 2008-இல் அவர்கள் கண்டது வியப்பானது. உதவிக்குப் பரிசாகப் பொம்மை பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின.

ஆகவே, "கொடுத்தால் மிட்டாய் தருவேன்" என்று ஆசை காட்ட வேண்டாம். பிடுங்கிக் கொடுக்கவும் வேண்டாம். பிடுங்குவதைத்தான் அவன் கற்றுக்கொள்வான். "அவள் முகத்தைப் பார், ஏன் அழுகிறாள்? என்ன செய்தால் சிரிப்பாள்?" என்று கேளுங்கள். பந்தை மாறி மாறி உருட்டும் விளையாட்டைச் சொல்லிக்கொடுங்கள்; தன் முறைக்குக் காத்திருக்க அதுவே நல்ல பயிற்சி.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். பெர்னர் முதலியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டியது இது. ஒரு பிஸ்கட் டப்பாவில் பென்சிலைப் போட்டு மூடுங்கள். 3 வயதுக் குழந்தையிடம் திறந்து காட்டி மறுபடியும் மூடிவிட்டு, "அக்கா இன்னும் இதைத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று அவள் நினைப்பாள்?" என்று கேளுங்கள். "பென்சில்" என்றே அது கூறக்கூடும். 5 வயதுக் குழந்தை பெரும்பாலும் "பிஸ்கட்" என்று சொல்லிவிடும். இந்த இரண்டு விடைகளுக்கும் இடையில் ஒரு மனம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது! அதுவரை தம்பியிடம் சற்றுப் பொறுமை காட்டுவோம்.