தொண்டைத் தசைக்கு ஒரு குழல்

உறக்கத்தின்போது மேல் மூச்சுப்பாதை திரும்பத் திரும்ப அடைபட்டு, ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்கோ அதற்கு மேலோ மூச்சு நின்றுபோகும் நோய்க்கு, ஸ்லீப் ஆப்னியா என்ற மருத்துவப் பெயரே மக்கள் வழக்கிலும் நிலைத்துவிட்டது. விழித்திருக்கும்போது நாக்கையும் தொண்டைச் சுவரையும் இழுத்துப் பிடித்து வழியைத் திறந்து வைக்கும் தசைகள் தூங்கியதும் தளர்ந்துபோக, உள்ளிழுக்கும் மூச்சின் உறிஞ்சு விசையே அச்சுவர்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. பாதை குறுகும்போது எழும் அதிர்வே குறட்டை. முற்றும் அடைபடும்போது அதுவும் ஓய்ந்து, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து, மூளை அரைகுறையாக விழித்துத் தசைகளை மீண்டும் இறுக்கிய பிறகே மூச்சு திரும்புகிறது. ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் பெரிதும் குறைவதும் எத்தனை முறை நிகழ்கின்றன என்ற கணக்கைக் கொண்டு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரமானது, அதற்கு மேல் கடுமையானது என்று நோய் வகுக்கப்படுகிறது.

முகமூடி வழியாக இடைவிடாத காற்றழுத்தம் செலுத்தி, தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சிபாப் கருவியே இதற்கு இன்றுவரை முதன்மையான சிகிச்சை. சிட்னியில் காலின் சல்லிவன் உருவாக்கி 1981இல் அறிவித்த இக்கருவி அணிந்திருக்கும்வரை நன்கு வேலை செய்யும். ஆனால் முகத்தில் குழாயோடு உறங்கப் பிடிக்காமல் அதைக் கழற்றி வைத்துவிடுவோர் ஏராளம். மாற்றுவழிகளைத் தேடத் தூண்டியது இந்தச் சலிப்புதான்.

அந்தத் தேடலில் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ வந்து சேர்ந்த இடம் சுவிட்சர்லாந்து. கரையான் அரித்துக் குடைந்த யூகலிப்டஸ் மரத்தால் ஆன இந்த நீண்ட ஊதுகுழல் வடக்கு ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் நிலப்பகுதிக்கு உரியது. அங்குள்ள யோல்ங்கு மக்கள் அதை யிடாகி என்பர். இதை ஊதக் கற்பித்துவந்த அலெக்ஸ் சுவாரெஸ், சில மாதப் பயிற்சிக்குப் பின் தமக்கும் மாணவர் சிலருக்கும் குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்ததைக் கவனித்திருந்தார். அதைச் சோதிக்க முன்வந்த மிலோ புகான் குழுவினர், நடுத்தர நோயுள்ள 25 பேரில் 14 பேரைக் குழல் கற்கவும் 11 பேரைக் காத்திருக்கவும் குலுக்கல் முறையில் பிரித்தனர். மரத்துக்குப் பதிலாக ஏறத்தாழ 130 செ.மீ. நீள அக்ரிலிக் குழல் வழங்கப்பட்டது. நான்கு மாதங்களில் கற்றவர்கள் சராசரியாக வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 25 நிமிடம் ஊதினர்.

முடிவுகள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் 2006ஆம் ஆண்டு இதழில் வெளியாயின. ஊதியவர்களின் மூச்சுத்தடை எண்ணிக்கை மணிக்கு ஏறத்தாழ 22இலிருந்து 12ஆக இறங்கியது. பகல் தூக்கம் குறைந்தது. உடன் உறங்குவோரின் தொல்லையும் தணிந்தது. எனினும் எதுவும் செய்யாமல் காத்திருந்தவர்களுக்கும் அந்த எண்ணிக்கை ஏறத்தாழ 20இலிருந்து 15ஆக இறங்கியிருந்தது என்பதை, இந்த ஆய்வைப் புகழ்வோர் பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். இயல்பான ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டால் குழலின் பங்கு மணிக்கு ஐந்தாறு தடைகள் அளவே. உறக்கத்தின் தரம் குறித்த வினாத்தாளில் இரு குழுவினருக்கும் வேறுபாடு தென்படவும் இல்லை. முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசுகளில் இதற்கு 2017இல் கிடைத்தது அமைதிப் பரிசு. பக்கத்தில் படுப்பவரை எண்ணினால் அது பொருத்தமில்லாததன்று.

குழலின் நன்மைக்குக் காரணம் பெரும்பாலும் அதன் சுழல்மூச்சு முறையில் இருக்க வேண்டும். கன்னங்களில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே மூக்கினால் மூச்சை உள்ளிழுத்து ஒலி அறாமல் காப்பதே அம்முறை; நாக்கின் பின்பகுதியும் மெல்லண்ணமும் சேர்ந்து வாயைத் தொண்டையிலிருந்து அடைத்துத் திறந்தால்தான் அது கைகூடும், உறக்கத்தில் தளர்ந்து வழியை மறிப்பவையும் அதே தசைகள்தாம். இசையற்ற வாய், தொண்டைப் பயிற்சிகளை மூன்று மாதம் செய்த நோயாளிகளிடமும் மூச்சுத்தடை குறைந்ததாக பிரேசில் ஆய்வாளர்கள் 2009இல் காட்டியிருப்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

ஆனால் எந்தக் கருவியை ஊதினாலும் பலன் உண்டு என்று கொள்வதற்கில்லை. ஆர்கெஸ்ட்ரா கலைஞர்களிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான கணிப்பில், ஊதுகருவி வாசிப்போருக்கும் மற்றவர்களுக்கும் இந்நோயின் அபாயத்தில் வேறுபாடு தெரியவில்லை. 2012இல் வெளியான வேறொரு கணிப்பில், ஓபோ, பசூன் போன்ற இரட்டை நாணல் கருவிகளை வாசிப்போருக்கு மட்டும் அபாயம் குறைவாக இருந்தது. நாகஸ்வரத்தின் சீவாளியும் இரட்டை நாணலே. அதற்குச் சுருதி பிடிக்கும் ஒத்துக்காரர் கச்சேரி முழுவதும் காப்பதும் இதே சுழல்மூச்சைத்தான். ஆயினும் இவ்விரு கணிப்புகளும் வினாத்தாளின் அடிப்படையில் அபாயத்தை மதிப்பிட்டவையே அன்றி நோயை நேரடியாக அளந்தவை அல்ல.

டிட்ஜெரிடூ ஆய்வில் உடற்பருமன் உள்ளவர்கள் முன்கூட்டியே விலக்கப்பட்டிருந்தனர். கடுமையான நோயினரும் அதில் இல்லை. ஆகவே அத்தகையோர் முகமூடியைக் கழற்றிவிட்டுக் குழலை எடுப்பதற்கு அது சான்றாகாது. குறட்டை குறைந்த பின்னும் மூச்சுத்தடை எஞ்சியிருக்கக் கூடும் என்பதால், ஊதத் தொடங்கிய நடுத்தர நோயினரும் வீட்டாரின் சொல்லை மட்டும் நம்பாமல், சில மாதங்களுக்குப் பின் உறக்கப் பரிசோதனையை மீண்டும் செய்து அந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.